குடும்பத்தில் எவருக்கும் இல்லாத ஹீமோஃபிலியா

கேள்வி: என் அக்காவின் மகனுக்கு, இரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையான வகையில் இருப்பது அண்மையில் உறுதியானது. பரம்பரை நோய் என்கிறார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இது இருந்ததில்லை. பிறகு எப்படி வந்தது? நானும் என் மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஹீமோஃபிலியாக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் அதற்கு முன்பு அந்நோய் இருந்த சுவடே இருப்பதில்லை. எனவே உங்கள் குடும்பம் விதிவிலக்கன்று.

இரத்த உறைதலின் எட்டாம் காரணி என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணு, எக்ஸ் குரோமோசோமின் நுனிக்கு அருகில் உள்ளது. ஒன்பதாம் காரணிக்குத் துணை நின்று பத்தாம் காரணியைத் தூண்டுவதே இப்புரதத்தின் வேலை. அது நடந்தால்தான் த்ரோம்பின் என்னும் நொதி போதிய அளவில் உருவாகி, ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னிக் காயத்தை அடைக்கும். எட்டாம் காரணி குறைவதே ஹீமோஃபிலியா ஏ; அதன் செயல்திறன் இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பதையே கடுமையான வகை என்கிறோம்.

இம்மரபணுவின் 22ஆம் இன்ட்ரானில் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதியில்) இருக்கும் ஒரு துண்டின் நகல்கள், மரபணுவுக்கு வெளியே, குரோமோசோமின் நுனிப் பக்கத்திலும் இருக்கின்றன. ஆணின் உடலில் இணையின்றித் தனித்திருக்கும் எக்ஸ் குரோமோசோம், விந்தணு உருவாகும்போது தன்மேலேயே மடிந்து, இந்த நகல்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டால், இடையிலுள்ள பகுதி தலைகீழாகத் திரும்பி, மரபணு இரண்டாக அறுபட்டுவிடுகிறது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் காணப்படுவது இந்த மாற்றம்தான். இது பெரும்பாலும் ஆணிடமே தோன்றுவதால், குழந்தையின் தாய்வழித் தாத்தாவின் விந்தணுவில் நேர்ந்து, இன்னொரு நல்ல எக்ஸ் குரோமோசோமும் உள்ள அவர் மகளிடம் நோயாகத் தெரியாமல், அவர் வழியாகப் பேரனிடம் நோயாக வெளிப்பட்டிருக்கலாம். தாயின் மீது பழி சுமத்தும் உறவினர்கள் இதை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். அவர் செய்த, செய்யத் தவறிய எதுவும் இதற்குக் காரணமில்லை.

பரிசோதனையை வரிசையாகச் செய்வதே சரி. முதலில் குழந்தையின் மரபணுவில் எந்த மாற்றம் உள்ளது என்று கண்டறிய வேண்டும். பின்பு அதே மாற்றம் உங்கள் அக்காவிடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவரிடம் இல்லையெனில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இருந்தால், உங்கள் தாயாரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் அது இருந்தால் மட்டுமே மகளுக்குப் பரிசோதனை தேவைப்படும். காரணியின் அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மாற்றத்தைச் சுமக்கும் பெண்கள் பலருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கும். குறைவாக இருப்பவர்களுக்கோ பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் இரத்தப்போக்கு மிகலாம் என்பதால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.