நாணல் கதிர்க்குருவி: கேட்டதும் சொன்னதும்

நாணலுக்குள் சத்தம் கேட்கிறது, பறவை மட்டும் கண்ணில் படுவதே இல்லை. எப்படிப் பார்ப்பது?

தேடிக்கொண்டு உள்ளே இறங்காதீர்கள், கூடு கலைந்துவிடும். காற்றில்லாத அதிகாலையில் கரையிலேயே நில்லுங்கள். ஒரு தண்டு மட்டும் தனியாக ஆடினால் அங்கே பாருங்கள். ஐரோப்பிய நாணலில் கூடு கட்டும் இந்தச் சிறு பறவைக்கு முதுகு பழுப்பு, வயிறு வெளிர் நிறம், எடை பத்துப் பன்னிரண்டு கிராம். செங்குத்தான தண்டைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பூச்சி பொறுக்கும்.

ராத்திரியிலும் பாடுகிறதே?

ஜோடி சேராத ஆணாக இருக்கும். ஜோடி சேர்ந்ததும் பாட்டு வெகுவாகக் குறைந்துவிடும்.

காற்றில் நாணல் சாய்ந்தால் முட்டை விழாதா?

விழாது. பெண்குருவி மூன்று நான்கு தண்டுகளைச் சேர்த்து, புல்லையும் சிலந்தி நூலையும் சுற்றிச் சுற்றிப் பின்னும். தண்டுகள் கூட்டின் சுவருக்குள்ளேயே ஓடுவதால், அவை ஆடும்போது கூடும் கூடவே ஆடும். கிண்ணம் நல்ல ஆழம், விளிம்பு சற்று உள்வாங்கியிருக்கும். எந்தப் பறவையின் கூட்டைவிடவும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இதன் கூட்டில் குயில் குஞ்சைப் பார்த்தேன். தன்னைவிடப் பெரிய அதற்கு ஏன் ஊட்டுகிறது?

இது நம்மூர்க் கருங்குயில் அல்ல, ஐரோப்பாவின் சாம்பல் நிறக் குயில். அது ஒரு முட்டையை எடுத்துவிட்டுத் தன்னுடையதை இட்டுப் போக, பத்து விநாடி போதும். நிறமும் புள்ளியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் கதிர்க்குருவி அதை வெளியே தள்ளுவதும் உண்டு. கூட்டருகே குயிலைப் பார்த்திருந்தால் இன்னும் உஷார். ஆனால் பொரிந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். கண் திறக்காத குயில் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். அப்புறம் விடாமல் வேகமாகக் கத்தும். அது ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவதுபோல இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக் டேவிஸ் குழுவினர் இதைச் சோதித்தே காட்டினார்கள். அந்தக் குரல்தான் தாய் தகப்பனை ஓட ஓட உழைக்க வைக்கிறது.

பறக்கத் தெரியாத குஞ்சு கூட்டுக்கு வெளியே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கலாமா?

வேண்டாம். நன்றாகப் பறக்கும் முன்பே, பத்துப் பன்னிரண்டு நாளில் தண்டுகளில் தொற்றி ஏறத் தொடங்கிவிடும். பெற்றவை வந்து ஊட்டும்.

குளிர்காலத்தில் குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுகின்றனவே, அப்போது நாணலை மொத்தமாக வெட்டலாமா?

மொத்தமாக வேண்டாம், தயவுசெய்து. வசந்தத்தில் திரும்பி வரும்போது புது நாணல் வளர்ந்திருக்காது. முதலில் கட்டும் கூடுகளுக்குப் போன வருடத்துக் காய்ந்த தண்டுகள்தான் ஆதாரம். வருடத்துக்கு ஒரு பகுதியாக, மாற்றி மாற்றி வெட்டுங்கள்.