நாய்க்குட்டி கடித்தால் அடிக்கலாமா?
மூன்று மாதக் குட்டி கைலியைப் பிடித்து இழுக்கிறது, கையைக் கடிக்கிறது, அடித்தால் திருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காதீர்கள், அப்புறம் கையைக் கண்டாலே பயந்து நிஜமாகவே கடிக்கும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது, ஈறு குறுகுறுக்கும், 6, 7 மாதத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும். பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காமல் விளையாட்டை அப்படியே நிறுத்தி அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் இதையே செய்தால்தான் அதற்குப் புரியும். பாம்பனில் எங்கள் குட்டிக்கு ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம், கைலியை விட்டுவிட்டு அதையே கவ்விக்கொண்டு திரிந்தது. கரையில் கிடக்கிற வலைத்துண்டை மட்டும் கொடுக்காதீர்கள், நைலான் இழை குடலில் சிக்கும். தோலில் கீறல் விழுந்தால், விளையாட்டுக் கடிதானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.