வாடகை வீட்டுக்கு வாட்டர் சொஃப்ட்னர் வேண்டாம்

தம்பி, லண்டன் ஹரோவில் வாடகை வீடு எடுத்துக் குடியேறிய சில வாரங்களிலேயே கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடித்துவிட்டது, மனைவிக்குத் தலைமயிர் கொட்டுகிறது, கைக்குழந்தைக்குத் தோலில் எக்சிமா வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி, வீடு தேடி வந்த ஒரு தமிழர் தவணை முறையில் வாட்டர் சொஃப்ட்னர் என்ற, தண்ணீரின் சுண்ணாம்பை நீக்கும் இயந்திரத்தைப் பூட்டித் தருவதாகப் பத்திரத்தை நீட்டுகிறார், கையெழுத்து வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். கார் இன்சூரன்ஸ் பற்றியும் நேர்சரி பற்றியும் கேட்டவற்றுக்கு உங்கள் அயலில் இருப்பவர்களே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். நான் தண்ணீரைப் பற்றியே எழுதுகிறேன். ஏனென்றால், புதிதாக வந்தவர்களின் பயத்தை முதலாக வைத்து நம்மவர்களே நம்மவர்களிடம் காசு பறிப்பதை நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டன் தண்ணீர் வன்னீர், அதாவது சுண்ணத் தாதுக்கள் அதிகம் கரைந்த கடின நீர் என்பது உண்மை. தேம்ஸ், லீ ஆறுகளும் ஆழ்கிணறுகளும் சுண்ணப் பாறை நிலத்தின் ஊடாகவே நீரைப் பெறுகின்றன. ஆகையால் லீற்றருக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை கல்சியம் காபனேற்றுக்குச் சமனான வன்மை இங்கே சாதாரணம். அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது சிதைந்து கல்சியம் காபனேற்றாகப் படிவதைத்தான் உங்கள் கேத்திலில் காண்கிறீர்கள். குடிப்பவருக்கு அதனால் கெடுதி இல்லை. சுன்னாகத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது புதிய காட்சியாகவும் இருக்க முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் எல்லாம் சுண்ணக்கல்லின் மேல் நிற்பவை. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டியதும் அதே கல்லைத்தான். கிணற்றடியில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் போவதையும், தேத்தண்ணீர்க் கேத்திலின் அடி தடித்துப் போவதையும் பார்த்து வளர்ந்த நாங்கள், லண்டனுக்கு வந்தவுடன் அதே வெள்ளைப் படையைக் கண்டு நடுங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு சிறிய மீற்றரைத் தண்ணீருக்குள் விட்டு எண்ணைக் காட்டியதாகவும், பிறகு இரண்டு கிளாஸ்களில் மின்கம்பிகளை இறக்கியபோது உங்கள் குழாய்த் தண்ணீர் மட்டும் செம்மண் கரைசல்போல் மாறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மீற்றர் காட்டுவது கரைந்துள்ள தாதுக்களின் அளவை, அழுக்கை அன்று. மற்றச் சோதனை இன்னும் மோசமானது. தாதுக்கள் உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்போது, அவர் இறக்கிய இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வெளியேறுகிறது. அந்த நிறம் அவருடைய கம்பியிலிருந்து வந்ததே தவிர உங்கள் குழாயிலிருந்து வந்ததன்று. இரண்டாவது கிளாஸில் அவர் கையோடு கொண்டுவந்த, தாதுக்கள் நீக்கப்பட்ட தண்ணீர் இருந்திருக்கும். அதில் மின்சாரம் சரிவரப் பாயாதபடியால் அது தெளிவாகவே இருந்தது. ஊரைக் கேட்டு, உறவைக் கண்டுபிடித்து, சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து இதைச் செய்கிறார்கள் என்பதே என் ஆறாத கோபம்.

குழந்தையின் எக்சிமாவைச் சொல்லி விற்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் முறையாக ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வன்னீர்ப் பகுதிகளில் வசித்த, எக்சிமா உள்ள 336 பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சொஃப்ட்னர் பூட்டி, 12 வாரங்கள் கழித்துத் தாதியர் பரிசோதித்தார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட அவர்களுக்கு மேலதிகமான குணம் எதுவும் தெரியவில்லை. பிள்ளையை ஜீபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் தரும் களிம்பை ஒழுங்காகப் பூசுங்கள். மனைவியின் தலைமயிர் வன்னீரால் வறண்டு சொரசொரப்பாகலாம், ஆனால் வேரோடு கொட்டுகிறது என்றால் அதன் காரணத்தை இரத்தப் பரிசோதனையில் தேட வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் மயிர் கொட்டுவது மிகச் சாதாரணம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நான் வந்த காலத்தில் ஈஸ்ட்ஹாமில் ஒரே வீட்டில் பல பெடியன்கள் கூடி இருந்தோம். கேத்திலின் வெப்பக் கம்பி தெரியாத அளவுக்குக் கல் படிந்து, தண்ணீர் கொதிக்க நெடுநேரம் எடுக்கும். பால் விடாத தேத்தண்ணீரின் மேல் ஆடைபோல ஒரு படலம் மிதக்கும். வீட்டை விட்டு வெளியேறியபோது, குளியலறைக் கண்ணாடியிலும் குழாய்களிலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று சொல்லி வீட்டுக்காரர் எங்கள் வைப்புப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். நாங்கள் முறையிட அப்போது இடம் இருக்கவில்லை. 2007 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் பணம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள், குளியலறையையும் படம் எடுத்து வையுங்கள்.

அந்த வீட்டுக்குப் பிறகு என் கேத்திலில் கல் தங்கியதே இல்லை. சிட்ரிக் அமிலத் தூளை இரண்டு மேசைக்கரண்டி போட்டு, பொங்கி வழியாதபடி அரைக் கேத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். இரைந்து நுரைத்து, படை முழுவதும் கழன்றுவிடும். நன்றாக அலம்பி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். குழாயின் வாயில் வெள்ளை வினாகிரியில் தோய்த்த துணியைச் சுற்றிவிட்டால் போதும். ஆனால் எந்த அமிலத்தையும் பிளீச்சுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். தேத்தண்ணீர் ருசிக்க வேண்டுமானால் வடிகட்டிச் சாடி ஒன்று வாங்கலாம். குழாய்த் தண்ணீர் கூடாது என்று போத்தல் தண்ணீரைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வரும் நம்மவர்களைப் பின்பற்ற வேண்டாம். குழாயில் மாட்டும் காந்தங்களுக்கும் காசு கொடுக்காதீர்கள். அவை ஒரு மில்லிகிராம் கல்சியத்தைக்கூட நீக்குவதில்லை.

சொஃப்ட்னர் என்ற இயந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை. சொந்த வீடு வாங்கிய பிறகு நானும் பூட்டியிருக்கிறேன்; பொயிலரும் ஷவரும் அதனால் நீடித்து உழைக்கின்றன, சவர்க்காரமும் குறைவாகவே செலவாகிறது. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புநீரால் கழுவப்படுகின்றன. எனவே அது வாழ்நாள் முழுவதும் உப்புக் கேட்கும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையை நீக்கினால் ஏறத்தாழ 138 மில்லிகிராம் சோடியம் அந்த நீரில் சேரும். இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம் 200. அதனால்தான் குசினியில் சொஃப்ட்னரைத் தொடாத தனிக்குழாய் ஒன்றை விடச் சொல்கிறார்கள். குழந்தையின் பால்மாவை அந்தக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க வேண்டும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர்களும் அதையே குடிக்க வேண்டும். உங்களிடம் வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் அனுமதியில்லாமல் குழாயை வெட்டிப் பூட்டவும் முடியாது. வீடு மாறினாலும் தவணை உங்கள் பெயரில் தொடரும்.

இதை வாசிப்பதற்குள் கையெழுத்து வைத்துவிட்டீர்களானால் பதற வேண்டாம். வீட்டுக்கு வந்து செய்த விற்பனை என்றபடியால், பொருள் கைக்கு வந்து பொதுவாக 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தவணைக்குக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அவர் உறவு சொல்லித் திரும்ப வந்தால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். பத்திரத்தை மட்டும் வாங்காதீர்கள்.