பச்சையத்தைப் பிடித்திருப்பது எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பச்சையம் (இலைக்குப் பச்சை நிறம் தரும் குளோரோஃபில்) புரதத்தோடு சகப்பிணைப்பால் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து ஒட்டும் பிணைப்பால்) ஒட்டியிருக்கிறதா? (எஸ்டிபிஎம் மாணவி, செந்தூல்)

இல்லைம்மா. சயனோபாக்டீரியாவின் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின்) நீல நிறமிகள்தான் புரதத்தின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு அப்படி ஒட்டுகின்றன. பலர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியத்தை நான்கு நைட்ரஜன் அணுக்கள் சுற்றிப் பிடித்திருக்கும். ஐந்தாவது பிடிக்கு அதில் இடம் உண்டு. ஹிஸ்டிடின், குளுட்டமேட், குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்கள் அங்கேதான் பிடிக்கின்றன. சில பச்சையங்களை ஒரு நீர் மூலக்கூறு இடையில் நின்று பிடித்துக்கொள்கிறது. நீண்ட வால் பகுதி, எண்ணெய்ப் பசையுள்ள இடுக்குகளில் செருகிக்கொள்ளும்.

இத்தனை பச்சையத்துக்குப் புரதம் எதற்கு? சும்மா மிதந்தால் ஆகாதா? (அதே மாணவி)

நல்ல கேள்வி. தாவரங்களின் முக்கிய ஒளி அறுவடைப் புரதத்தின் அமைப்பு ஸ்பினாச் கீரையில் 2004இலும் பட்டாணியில் 2005இலும் துல்லியமாகத் தெரிந்தது. ஒரே புரதத்தில் 14 பச்சையங்கள் (எட்டு ‘ஏ’ வகை, ஆறு ‘பி’ வகை), கூடவே கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் நான்கு. இப்படி மூன்று புரதங்கள் ஒன்றுசேர்ந்தே வேலை செய்கின்றன. இத்தனை பச்சையத்தைக் கண்டபடி நெருக்கினால் ஒன்றின் ஆற்றலை இன்னொன்று வெப்பமாக்கி வீணடித்துவிடும். புரதம் ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட தூரத்தில், குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்துவதால், ஆற்றல் பைக்கோவினாடிகளில் (வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்) அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. நிறமும் மாறும்: அசிட்டோனில் கரைத்த ‘ஏ’ பச்சையம் சிவப்பொளியில் 663 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், இந்தப் புரதத்துக்குள் 675 அருகே.

பிடிப்பு ஒருவழியும் அல்ல. நடுவில் குறுக்காகக் கிடக்கும் இரண்டு லூட்டின்களும் (அந்தக் கரோட்டினாய்டுகளில் ஒரு வகை) புரதத்தை இறுக்கிக் கட்டுகின்றன. நிறமிகளே இல்லாவிட்டால் சோதனைக் குழாயில் இந்தப் புரதம் சரியாக மடிவதே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

புளி சேர்த்ததும் கங்கோங் கீரை பழுப்பாகிறதே? (வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

சூட்டில் புரதம் குலைந்து பச்சையத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது. அப்புறம் அமிலம் மெக்னீசியத்தை வெளியேற்றி, அங்கே ஹைட்ரஜனை வைக்கிறது. அந்தப் பழுப்புப் பொருளின் பெயர் ஃபியோஃபைட்டின். புளியைக் கடைசியில் சேருங்கள். மூடி போடாமல் சட்டென்று வதக்குங்கள்.

சிவப்புக் கீரையின் சிவப்பும் இப்படிப் புரதத்தில்தானா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

இல்லை. அது நீரில் கரையும் பீட்டாசயனின் என்ற சிவப்பு நிறமி. செல்லின் நுண்குமிழியில் கரைந்தே கிடக்கிறது. கொதிக்க வைத்தால் தண்ணீரும் சிவப்பாவது அதனால்தான்.