பாதியில் நிற்கும் மரவேலைகள்: முடிப்பதா, பிரிப்பதா, விற்பதா?

கேள்வி: மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. ஆரம்பித்துவிட்டு முடிக்காதவை ஷெட்டையே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கால் மாட்டாத மேஜை, கதவில்லாத அலமாரி, பாதி ஒட்டிய பெட்டி, எதற்கோ வாங்கிய பலகைகள். ஒரு திக்னஸ் பிளேனர் வாங்கினால் எல்லாவற்றையும் கடகடவென்று முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கலாமா, இல்லை இருப்பதை அப்படியே விற்றுவிடலாமா?

பதில்: மெஷினை இப்போது வாங்காதீர்கள். திக்னஸ் பிளேனர் பலகையின் ஒரு முகத்தை மறுமுகத்துக்கு இணையாக இழைக்கும், அவ்வளவுதான். ரொம்ப நாள் கிடந்து முறுக்கிப்போன பலகையை உள்ளே விட்டால் உருளைகள் அதை அழுத்திப் பிடித்து இழைக்கும், வெளியே வந்ததும் அதே முறுக்கோடு கொஞ்சம் மெலிந்து நிற்கும். முதலில் ஒரு முகத்தையாவது கை இழைப்புளியாலோ ஜாயின்டர் என்கிற, முகத்தை மட்டமாக்கும் மெஷினாலோ சமப்படுத்த வேண்டும். பழைய மரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணி இருந்தால் பிளேடும் போச்சு.

முதலில் ஷெட்டைக் காலி செய்யுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இது வெறும் பலகையாக இருந்தால் இன்றைக்கு இதைச் செய்ய ஆரம்பிப்பேனா என்று கேளுங்கள். ஆமாம் என்று வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த வேலை என்ன, எந்த அளவு என்று சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள். போட்ட உழைப்பைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்தக் கணக்குத்தான் வேண்டாத மேஜையை வருஷக்கணக்கில் மூலையில் நிறுத்தி வைக்கிறது.

முடிக்கலாம் என்று எடுத்தவற்றில் ஒட்டுகிற இடங்களைக் கவனமாகப் பாருங்கள். காய்ந்த வெள்ளைப் பசைமேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் பழையதை உளியால் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பசை படாத இடமாக இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டையாகவே நின்றால் அந்த முகம் பசையையும் உறிஞ்சாது, லேசாக ஒரு இழைப்பு இழைத்துவிட்டு ஒட்டுங்கள்.

விற்பதைப் பொறுத்தவரை, பாதி அலமாரியை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். பிரித்துவிட்டால் நல்ல நீளமும் கனமும் உள்ள பலகைக்கு ஆள் கிடைக்கும். ஆணி, ஸ்க்ரூ எல்லாம் பிடுங்கிவிட்டு நீளம், அகலம், கனம் எழுதிப் போடுங்கள். கீல்களையும் டிராயர் சேனல்களையும் ஜோடி பிரிக்காமல் ஸ்க்ரூவோடு சேர்த்துப் பையில் கட்டுங்கள். அலமாரிக் கதவில் பதிக்கும் கிண்ணக் கீல்களில் பரவலாக உள்ளது 35 மி.மீ. கிண்ணம், ஆகவே உங்களுடையது அந்த அளவுதானா என்று அளந்து குறிப்பிடுங்கள்.

ஒரு விஷயம். குண்டூசித்தலை அளவு ஓட்டைகளும் அதன்கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கலாம். தூளைத் துடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், மறுபடி கொட்டியிருந்தால் அந்த மரத்தை விற்கவும் வேண்டாம், இலவசமாகக் கொடுக்கவும் வேண்டாம். அடுத்தவர் வீட்டுக் கட்டிலுக்கு வண்டை அனுப்பக் கூடாது.

கேள்வி: பழைய பசை, பாலிஷ் டப்பாக்கள் நிறைய இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: வெள்ளைப் பசை நூல் நூலாக இழுத்தாலோ கட்டி தட்டியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் ரெண்டு துண்டு மரத்தை ஒட்டி ஒரு நாள் கழித்து உடைத்துப் பாருங்கள், மரம் பிய்ந்து வந்தால் பசை நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்து வைத்த அரக்குப் பாலிஷ் நாளாக ஆக காயும் குணத்தை இழந்துவிடும். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் தடவி, மறுநாளும் பிசுபிசுத்தால் அது வேண்டாம். கரைக்காத அரக்குச் சீவல் அதைவிட ரொம்ப நாள் தாங்கும், அதனால் இனி வாங்கும்போது சீவலாக வாங்கித் தேவைக்கு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள். மீந்த வார்னிஷையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சுத்தம் செய்யும்போது மீந்த ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.