அடக்கி வைத்த துக்கம் உடம்பில் வலியாக வருமா?

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது, அம்மா ஒருமுறைகூட வாய்விட்டு அழவில்லை, இப்போது ஓயாத வயிற்று வலி, ஸ்கேன் நார்மல், இது மனசால் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். ஆனால் அது நடிப்பு இல்லை, வலி நிஜம்.

பயமோ துக்கமோ தாக்கும்போது உடம்பு அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் படபடக்கும், கழுத்து, தோள் தசைகள் இறுகும், செரிமானம் குழம்பும். பிறகு எல்லாம் தணிய வேண்டும். மனச்சுமை மாதக்கணக்கில் நீடித்தால் அந்தத் தணிவு சரியாக நடப்பதில்லை. குடலுக்கென்றே ஒரு நரம்பு வலை உண்டு. அது வேகஸ் நரம்பு வழியாக மூளையோடு எந்நேரமும் பேசுகிறது. 'வயித்தைப் பிசையுது' என்று நம் ஆட்கள் சொல்வது சும்மா இல்லை.

தர்மபுரியில் எங்கள் பெரியம்மாவுக்கும் இப்படித்தான், பெரியப்பா இறந்த பிறகு தீராத தலைவலி. முன்பெல்லாம் இழவு வீட்டில் ஒப்பாரி வைத்து, கட்டிப்பிடித்து அழுவார்கள். அழ ஓர் இடம் இருந்தது. அவருக்கு அது கிடைக்கவில்லை. மகள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பெரியப்பாவைப் பற்றிப் பேசவிட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அதற்காக எல்லா வலியையும் மனசின் தலையில் கட்டிவிடாதீர்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி என்றால் உடனே. இவை எதுவும் இல்லையென்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-லும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அப்புறம், இன்று ராத்திரியே அப்பா பேச்சை நீங்களே எடுங்கள்.