சைப்ரஸ் சதுப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனிலிருந்து நாட்செஸ் டிரேஸ் பார்க்வே என்ற சாலை வழியாக வடக்கே சென்றோம். 122ஆம் மைலில் சைப்ரஸ் சதுப்பு. கறுத்த நீரில் பட்டுப்போன மரங்கள் அசையாமல் நின்றன; காலமே உறைந்துவிட்டதுபோல ஒரு மௌனம். பன்னிரண்டு வயது மகள் காரைவிட்டு இறங்காமலேயே, "இங்க என்னப்பா இருக்கு?" என்றாள். மனம் சோர்ந்துவிட்டது. இயற்கையின் அழகை இந்தத் தலைமுறைக்கு எப்படிக் கற்பிப்பது? முதலை உண்டு என்கிறார்களே, குழந்தைகளோடு நடக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

நடைபாதையைவிட்டு விலகாமல் நடந்தால் போதும். தலைமுறைகளைப் பற்றிய புலம்பலுக்கு என்னிடம் பதில் இல்லை. என் தலைமுறையைப் பற்றியும் இதையே சொன்னார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் 'காலம் உறைந்துவிட்டது'. மலை, ஏரி, பாழடைந்த கோயில் என்று எதைப் பார்த்தாலும் நாம் காலத்தை உறையவைத்துவிடுகிறோம். அதை எழுதிய கையோடு பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறோம். அந்த மரங்கள் பட்டுப்போகவில்லை, ஐயா. ஊசியிலை இனத்தில் பிறந்தும் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பதால்தான் அதற்கு மொட்டை சைப்ரஸ் என்றே பெயர். நீங்கள் நின்ற இடம் ஓர் ஆறு கைவிட்டுப்போன பழைய தடம். வண்டலும் செடிகொடிகளும் அதைத் தூர்த்துக்கொண்டே வருகின்றன. சில நூறு ஆண்டுகளில் சைப்ரஸும் டுபெலோவும் வில்லோவுக்கும் மேப்பிளுக்கும் இடம்விட்டுப் போய்விடும். இதை அங்கே அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படம் எடுக்கும் அவசரத்தில் படிக்காமல் விட்டிருப்பீர்கள்.

1587இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ரோனோக் தீவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் போன இடம் தெரியாமல் மறைந்துபோன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வந்திறங்கிய ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள் 800 ஆண்டுகளிலேயே கொடிய வறட்சி என்பதை ஆய்வாளர்கள் அப்பகுதியின் மொட்டை சைப்ரஸ் மர வளையங்களை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். பெய்த மழையையும் பொய்த்த மழையையும் ஆண்டுவாரியாகக் கணக்கு வைத்திருக்கும் மரத்தின் முன் நின்றுகொண்டு காலம் உறைந்துவிட்டது என்று எழுதலாமா?

நானும் முதலில் உங்களைப்போலத்தான் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, 444 மைலுக்கும் பசுமை; அப்படிப்பட்ட சாலை கண்ணைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு செப்டம்பரில் நண்பர் காரை நிறுத்தியபோது அரைத்தூக்கத்தில்தான் இறங்கினேன். நீர் வற்றியிருந்தது. ஒவ்வோர் அடிமரத்திலும் ஏறத்தாழ என் மார்பு உயரத்தில் வெள்ளம் நின்ற கோடு. அதற்குக் கீழே காய்ந்த சேறு அப்பியிருந்தது. நடைபாதைக்கு இடப்புறம், வெடித்த சேற்றின் பிளவு ஒன்றில், ஒரு சாண் உயரச் சைப்ரஸ் கன்று. வாழ்நாளெல்லாம் நீரில் நிற்கும் இந்த மரத்தின் விதை நீருக்கடியில் முளைப்பதில்லை. நீர் வடிந்து ஈரம் மட்டும் மிஞ்சும் கோடையில் முளைத்து, வெள்ளத்தில் நெடுநாள் மூழ்கிக் கிடக்காதபடி வேகமாக வளர்ந்து தலையை நீருக்கு மேல் நீட்டிக்கொள்ள வேண்டும். கன்றையும் மார்பளவுக் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றேன். நண்பர் இருமுறை ஹாரன் அடித்தார். எனக்கு அவர்மீது வந்த கோபம் கொஞ்சமல்ல.

அதன்பிறகு அங்கே போக வாய்க்கவில்லை. "இங்க என்னப்பா இருக்கு?" என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி, அதைக் கேட்ட பிள்ளையிடமா மனம் சோர்ந்தீர்கள்? செப்டம்பரில் அவளை மறுபடி அழைத்துச் செல்லுங்கள். இடப்புறம் அந்தக் கன்று இருக்கிறதா, இருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவளே எழுதட்டும், நீங்கள் வேண்டாம்.

அன்புடன்.